எழுதிய வரியும் எழும் கேள்வியும்

இவ்வரங்கில் இன்று வழங்கப்படும் பட்டம், அதைப் பெறுபவர் ஒரு பாடத்திட்டத்தை முடித்துத் தேர்ச்சி பெற்றார் என்பதற்குப் பல்கலைக்கழகம் தரும் சான்று. அவரால் எதைச் செய்ய முடியும் என்பதை வேலை தருபவருக்கு எடுத்துரைக்கும் பொறுப்போ பட்டதாரியின் கையிலேயே விடப்படுகிறது. ரெஸ்யூம் என்றும் பயோடேட்டா என்றும் பேச்சில் வழங்கும் தன்விவரக் குறிப்பு அப்பொறுப்பை நிறைவேற்றும் எழுத்து; அதில் எழுதியதை எழுதியவரின் வாய்மொழியால் சோதித்துப் பார்ப்பது நேர்காணல். இவ்விரண்டையும் தொடர்பற்ற இரு கலைகளாகக் கருதி, முன்னதற்கு மாதிரிப் படிவத்தையும் பின்னதற்கு வினாவிடைத் தொகுப்பையும் தேடி அலைவதுதான் இளைஞர் பலருடைய முதல் பிழை. குறிப்பில் இடம்பெறும் ஒவ்வொரு வரியும் நேர்காணலில் ஒரு கேள்வியாகத் திரும்பி வரும். திரும்பி வரும்போது தாங்கி நிற்கும் வரியை மட்டுமே எழுத வேண்டும்.

மிலான் நகரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கென 1482ஆம் ஆண்டளவில் லியொனார்டோ டா வின்சியின் பெயரில் உருவான விண்ணப்பக் கடிதம், தன்விவரக் குறிப்பின் மூதாதையாக அடிக்கடி சுட்டப்படுகிறது. எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று வரிசையாக அடுக்கிச் செல்லும் அக்கடிதம், கட்டடக்கலையையும் சிற்பத்தையும் ஓவியத்தையும் இறுதியில்தான் தொடுகிறது. உலகம் எந்தத் திறனுக்காக அவரை நினைவில் வைத்திருக்கிறதோ அது கடைசியில் நிற்பதற்குக் காரணம், படிப்பவரின் அன்றைய கவலை போர் என்பதே. சொன்னவற்றில் எதையேனும் நடவாதது என்று எவரும் ஐயுற்றால், பிரபுவின் பூங்காவிலேயே செய்து காட்டத் தயார் என்றும் கடிதம் முடிகிறது. எவருக்கு எழுதுகிறோம் என்ற தெளிவும், எழுதியதைச் செய்து காட்டும் துணிவும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

கடின உழைப்பாளி, குழுவாக இயங்கத் தெரிந்தவர், புதியன கற்கும் ஆர்வம் மிக்கவர் ஆகிய தொடர்களை யாரும் எழுதலாம், யாராலும் மறுக்க இயலாது; அதனாலேயே படிப்பவரின் கண் அவற்றில் நிற்பதில்லை. மாறாக, மின்னணுவியல் மாணவர் ஒருவர், மண்ணின் ஈரம் குறைந்ததும் மோட்டாரைத் தானே இயக்கும் கருவியை நால்வர் சேர்ந்து உருவாக்கியதையும், ஈரமானியின் அளவீட்டைச் சரிபார்த்தது தம் பங்கு என்பதையும் எழுதினால், அவ்வரியிலிருந்து கேள்வி பிறக்கிறது. ஈரமானி சில வாரம் மண்ணில் கிடந்தபின் அளவீடு பிசகியதா, ஏன் பிசகியது என்று கேட்பார்கள். தம் கையால் அதை மண்ணில் செருகிப் பார்த்தவருக்கு, மின்தடையை அளக்கும் மலிவான வகையில் இடைவிடாது மின்சாரம் பாய்ந்தால் உலோகப் பூச்சு அரித்துப்போகும் என்பதும், அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்தோ மின்தேக்குத்திறனை அளக்கும் வகைக்கு மாறியோ அதைச் சமாளிக்கலாம் என்பதும் தெரிந்திருக்கும். விலைக்கு வாங்கிய திட்டப்பணியைத் தம் பெயரில் எழுதியவர் அந்த இடத்தில் வாயடைத்து நிற்பார்.

தந்தை பெயர், மதம், திருமண நிலை, மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்னும் உறுதிமொழி ஆகியவை தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் குறிப்பில் பெரும்பாலும் தேவையற்றவை. பெரிய நிறுவனங்களில் குறிப்பை முதலில் படிப்பது பெரும்பாலும் கணினி மென்பொருள் என்பதால், கட்டங்களையும் படங்களையும் தவிர்த்து, விளம்பரத்தில் உள்ள பணிச் சொற்களைத் தமக்குப் பொருந்தும் அளவில் ஆளுவது நல்லது. இவற்றைவிட வருந்தத்தக்கது, எழுத வேண்டியதை எழுதாமல் விடுவது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர், விடுமுறையில் மளிகைக்கடைக் கணக்கை எழுதியதையோ அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலைப்பாடம் எடுத்ததையோ அனுபவம் என்றே எண்ணுவதில்லை; இருப்பும் கடனும் நாள்தோறும் சரிபார்த்த கை, பயிற்சிச் சான்றிதழ் பலவற்றைவிடக் கூடுதலாகக் கற்ற கை.

நேர்காணலுக்கான ஆயத்தம் மனப்பாடம் அன்று. கடந்த நிகழ்வைச் சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கு படிகளில் சொல்லும் வழக்கம் பயனுடையது. அதிலும் செயல் என்னும் படியே விரிய வேண்டும், பலர் சூழலை விவரிப்பதிலேயே நேரத்தைக் கரைத்துவிடுகின்றனர். ஆங்கிலத்தில் தயக்கம் உள்ளவர் சிறு வாக்கியங்களில் நிதானமாகச் சொன்னால் போதும். விடை தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அதைக் கண்டறிய எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்வது மழுப்பலைவிட மதிப்புடையது.

தேர்வு செய்வோருக்கும் கடமை உண்டு. எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலால் மதிப்பிடுவது கட்டமைக்கப்பட்ட நேர்காணல் எனப்படும். மனம்போன போக்கில் கேட்கும் நேர்காணலைவிட இம்முறை பிற்காலப் பணித்திறனை நன்கு முன்னறிவிக்கிறது என்று 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் ஆகியோரின் தொகுப்பாய்வு காட்டியது. இந்தியாவில் ஆள்தேர்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதிகளுடன் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டபோது, தலித் பெயரும் இஸ்லாமியப் பெயரும் தாங்கியவை உயர்சாதிப் பெயர் தாங்கியவற்றைவிடக் குறைவாகவே மறுமொழி பெற்றன. அழைப்பு வராத இளைஞர் தம் குறிப்பையே குறைசொல்லிக் குமைவதற்கு முன் இதை அறிந்திருக்க வேண்டும். இவ்வரங்கில் பட்டம் பெறுவோரில் பலர் இன்னும் பத்தாண்டுகளில் மேசையின் மறுபுறம் அமர்வார்கள்; அப்போது பெயரை மறைத்துவிட்டுக் குறிப்பைப் படிக்கவும், எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கவும் ஏற்பாடு செய்யும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கும்.