கோல்கொண்டா அரசர் எண்மரும் ஓர் அன்னையும்

மாதாப்பூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறியுள்ள தமிழர்களுக்குத் துர்க்கம் செருவு என்னும் ஏரி நன்கு பழக்கமானது. இன்று அதன் கரையைச் சூழ்ந்து கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. குறுக்கே 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தொங்கு பாலம் இரவில் ஒளி வீசுகின்றது. ஒரு காலத்தில் இந்த ஏரியின் நீரே கோல்கொண்டாக் கோட்டைக்குக் குடிநீராகச் சென்றது என்பர். ஏரி கண்ணில் படுகின்றது. அந்நீரைப் பருகியோர் யாவர் என்னும் நினைவுதான் நமக்கு எழுவதில்லை. பிழைப்பை நாடி வந்த ஊரின் சரித்திரம் நமக்குரியதன்று என்று எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணம் சரிதானா என்பதைக் குதுப் ஷாஹி அரசர்களின் வரலாற்றைக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

இம்மரபில் அரசாண்டோர் எண்மர். 1518 முதல் 1687 வரை இவர்களது ஆட்சி நிலவிற்று. முதல்வரான சுல்தான் குலி பாரசீக நாட்டு ஹமதான் பகுதியிலிருந்து வந்தவர்; பாமினி அரசில் பணியேற்றுத் தெலுங்கு நாட்டின் ஆளுநராக உயர்ந்து, பின்னர்த் தனியாட்சி கண்டவர். முதுமை எய்திய நிலையில், 1543-இல், தம் மகன் ஜம்ஷீதின் தூண்டுதலால் கொலையுண்டார். ஜம்ஷீத் தம் அண்ணனின் கண்களைக் குருடாக்கி அரியணை ஏறினார். ஏழாண்டுகள் ஆண்டு மாண்டார். அவருடைய சிறு மகன் சுபான் சில திங்களே அரசன் என்னும் பெயரைத் தாங்கினான். இவ்விருவரைப் பற்றி மேலும் சொல்ல வேண்டுவதில்லை.

நான்காமவரான இப்ராஹீமிடம் சற்றுத் தங்கிச் செல்லல் வேண்டும். அண்ணன் ஜம்ஷீதுக்கு அஞ்சி இவர் ஓடி அடைக்கலம் புகுந்த இடம் விஜயநகரம். அங்கே இராமராயரின் விருந்தினராக ஏழாண்டுகள் வாழ்ந்தார். தெலுங்கு மொழியின் சுவையை அறிந்தார். 1550-இல் கோல்கொண்டாவுக்குத் திரும்பி அரசரான பின்னரும் தெலுங்குப் புலவர்களைப் போற்றினார். அவர்களும் இவர் பெயரை ‘மல்கிபராமுடு’ என்று தம் மொழிக்கேற்பத் திரித்து, தம்மவராகவே ஆக்கிக்கொண்டனர். அத்தகையவரே 1565-இல் தலைக்கோட்டைப் போரில் மற்றைச் சுல்தான்களுடன் சேர்ந்து, தமக்குச் சோறிட்ட இராமராயருக்கு எதிராகப் படை நடத்தினார். நன்றி மறந்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் தக்கணத்துச் சுல்தான்களை ஒருவரோடொருவர் மோதவிட்டு வலிமை பெருக்கிய இராமராயரின் சூழ்ச்சியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசர்களின் நட்பு எல்லைக் கோட்டுடன் நின்றுவிடும் போலும்.

இப்ராஹீமின் மகன் முகம்மது குலி ஹைதராபாத் நகரைக் கண்டவர். 1591-இல் சார்மினார் எழுந்தது. தக்கணி உருது மொழியில் பாடல்கள் பல இயற்றிய கவியரசர் இவர். இவரைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் பாகமதி என்னும் பெண்ணின் காதற்கதைக்கு வந்துவிடுவர். அக்காலத்துச் சரித்திராசிரியர் பெரிஷ்தா அவளைக் குறிப்பிடுகின்றார். இருபதாம் நூற்றாண்டில் பேராசிரியர் ஷெர்வானி அவள் கற்பனையே என்று வாதிட்டார். வழக்கு இன்னும் தீரவில்லை. அவள் பெயரால் ஒரு கல்லறையும் இல்லை. ஆனால் அவளை அறியாத ஹைதராபாத்வாசி இல்லை.

அதே முகம்மது குலிக்கு ஒரே மகள் இருந்தார். கல்லறையும், மசூதியும், அவர் பெயரால் ஓர் ஊரும் உண்டு. ஆயினும் அவரை நம்மில் அறிந்தோர் மிகச் சிலர். அவர்தாம் ஹயாத் பக்ஷி பேகம். ‘உயிர் அளிப்பவர்’ என்று அப்பெயரைத் தமிழாக்கலாம்.

ஆண் மகவு இல்லாத அரசருக்குப் பின் ஆட்சி எவ்வாறு செல்வது? முகம்மது குலி தம் தம்பியின் மகனுக்கே மகளை மணம் செய்வித்தார். 1612-இல் அம்மருகர் முகம்மது குதுப் ஷா என்னும் பெயருடன் ஆறாம் அரசரானார். கல்வியில் நாட்டமுடையவர், இளமையிலேயே 1626-இல் இறந்தார். அவர் தொடங்கிய மக்கா மசூதியைக் கட்டி முடித்தவர் யார் தெரியுமா? அவ்வமிசத்தையே அழித்த அவுரங்கசீப். அது 1694-இல்.

கணவர் இறந்தபோது மகன் அப்துல்லாவுக்கு வயது பன்னிரண்டு. ஆட்சிப் பொறுப்பைத் தாயே தாங்கினார். ஐந்தாம் அரசரின் மகள், ஆறாம் அரசரின் மனைவி, ஏழாம் அரசரின் தாய் என மூன்று தலைமுறையும் இவ்வோர் அம்மையாரின் கைவழியே சென்றன. மக்கள் இவரை ‘மா சாஹிபா’, அதாவது அன்னையார் என்றே அழைத்தனர். நகரில் ‘மாசாப் டாங்க்’ என்று நாம் நாள்தோறும் சொல்லும் இடம் ‘மா சாஹிபாவின் ஏரி’ என்பதன் சிதைவே. அந்த அன்னை இவர் என்பாரும், இவருடைய மாமியார் என்பாரும் உளர்.

இளவரசர் ஏறியிருந்த யானை மதங்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டதாகவும், மகன் உயிருடன் மீண்டால் யானைச் சங்கிலியின் எடைக்கு ஈடான பொற்சங்கிலியைக் காணிக்கை செலுத்துவதாகத் தாய் நேர்ந்துகொண்டதாகவும் ஒரு கதை வழங்குகின்றது. யானை திரிந்த வழியெங்கும் மரங்களில் உணவு மூட்டைகளைத் தொங்கவிடச் செய்தாராம். மகன் பசியாறட்டும் என்னும் கருத்து. இதன் நினைவாக நடந்த ‘லங்கர்’ ஊர்வலம் நிஜாம்களின் காலத்திலும் தொடர்ந்தது. கதை முழுதும் மெய்யோ அன்றோ, ஊரார் இவரை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு அது சான்று.

மகனைக் காப்பதற்கு யானையைக் காட்டிலும் கொடிய இடர் வடக்கிலிருந்து வந்தது. 1636-இல் ஷாஜஹானுக்குக் கோல்கொண்டா அடங்கி, ஆண்டுக்கு 2 லட்சம் ஹொன்னு திறை செலுத்த உடன்பட்டது. இருபது ஆண்டுகள் கழிந்தன. கருநாடகப் பகுதியை வென்று தந்த படைத்தலைவர் மீர் ஜும்லா அரசருடன் பகைகொண்டு முகலாயரை நாடினார். அவருடைய மகனை அப்துல்லா சிறைப்படுத்த, அதையே காரணமாக்கி 1656-இல் அவுரங்கசீப்பின் படை ஹைதராபாத்திற்குள் புகுந்தது. அரசர் கோட்டைக்குள் ஒளிந்தார். முற்றுகை இறுகிற்று.

அப்போது கோட்டையை விட்டுப் புறப்பட்டுப் பகைவரின் பாசறைக்குச் சென்றவர் அந்த முதிய அன்னையார். மகனுக்காக அவுரங்கசீப்பிடம் நேரில் பேசினார். பணம் ஒரு கோடி வரை பேசப்பட்டது. தம் பேத்தியை அவுரங்கசீப்பின் மகன் முகம்மது சுல்தானுக்கு மணம் முடிக்க இசைந்தார். தில்லியிலிருந்து ஷாஜஹானின் ஆணையும் வந்து சேர, முற்றுகை நீங்கிற்று. இது வெற்றியன்று, விலை கொடுத்து வாங்கிய தவணை. ஆனால் அத்தவணை 31 ஆண்டுகள் நீடித்தது. 1656-இலேயே முடிந்திருக்க வேண்டிய அரசு 1687 வரை உயிர் வாழ்ந்தது. உயிர் அளிப்பவர் என்னும் பெயர் அவருக்குப் பொருத்தமே.

ஆயினும் அரசர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நாணயங்கள் அரசர்களின் பெயராலேயே வெளிவந்தன. இங்கே கடல் கடந்த ஒரு நாட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். போலந்து நாட்டில் 1384-இல் யாத்விகா என்னும் சிறுமிக்கு முடிசூட்டியபோது, ‘அரசி’ என்னாமல் ‘அரசர்’ என்னும் பட்டத்தையே அளித்தனர். தன்னுரிமையால் ஆள்பவர், அரசர் ஒருவரின் மனைவி மட்டும் அல்லர் என்பது அதன் கருத்து. இப்ராஹீம் கோல்கொண்டாவை ஆண்ட காலத்திலேயே அங்கு மற்றொரு நிகழ்ச்சி. யாகியெல்லோ வமிசத்தின் கடைசி அரசர் 1572-இல் மகவின்றி இறந்தார். அவருடைய தங்கை அன்னாவை 1575-இல் பிரபுக்கள் அரசராகத் தேர்ந்தெடுத்து, ஸ்தேவான் பாத்தோரி என்பவர் அவரை மணந்து உடனாள வேண்டும் என்றனர். அன்னாவுக்கு அப்போது வயது 52. அடுத்த ஆண்டு கிராக்கோ நகரில் முடிசூட்டு விழா நடந்தது. அங்கும் அரசுரிமை ஒரு பெண்ணின் வழியே கணவருக்குச் சென்றது. ஆனால் அப்பெண்ணின் பெயர் அரசர் வரிசையில் எண்ணப்பெற்றது. இங்கு எண்ணப்பெறவில்லை. செயலில் யார் குறைந்தவர் என்று கேட்டால், மாற்றார் பாசறைக்குச் சென்றவரை நாம் குறைத்து மதிப்பிட மாட்டோம்.

1667-இல் ஹயாத் பக்ஷி பேகம் மறைந்தார். அப்துல்லாவுக்கும் ஆண் வாரிசு இல்லை. மீண்டும் ஒரு மகளின் வழியே மருகர் அபுல் ஹசன் 1672-இல் அரசரானார். சூஃபி ஞானி ஒருவரின் மடத்தில் வளர்ந்தவர். ‘தானா ஷா’ என்பது குரு இட்ட செல்லப் பெயர் என்பர். இந்தியில் ‘தானாஷாஹி’ என்று வருமிடங்களில் எல்லாம் நாம் ‘சர்வாதிகாரம்’ என்று மொழிபெயர்க்கின்றோம். அச்சொல் இவர் பெயரிலிருந்து பிறந்ததாகச் சொல்வாரும் உண்டு. இனிய சுபாவமுடைய இவ்வரசருக்கு அது பெரிய அநீதியே. அக்கண்ணா, மாதண்ணா என்னும் இரு பிராமணச் சகோதரர்களிடம் ஆட்சியை ஒப்படைத்தவர் இவர். பத்திராசலத்து இராமதாசர் சிறையிருந்ததும் இவர் காலத்துக் கோல்கொண்டாவில்தான்.

தமிழராகிய நமக்கு இவ்வரசுடன் என்ன தொடர்பு? 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றது தாமல் நாயக்கரிடமிருந்து. ஆனால் சில ஆண்டுகளிலேயே மீர் ஜும்லாவின் படையெடுப்பால் அப்பகுதி கோல்கொண்டாவின் கீழ் வந்தது. 1672-இல் நேக்நாம் கான் என்னும் கோல்கொண்டா அதிகாரி, ஆண்டொன்றுக்கு 1,200 வராகன் என்று சென்னைக்கான குத்தகையை உறுதி செய்தார். 1677-இல் சிவாஜி தானா ஷாவுடன் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே தெற்கே சென்று செஞ்சியைக் கைப்பற்றினார். ஹயாத் பக்ஷி பேகம் தம் மகனுக்காகக் காத்த அரசின் எல்லைக்குள் சென்னையும் அடங்கியிருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நாம் இங்கு வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் ஆட்சி நம்மூருக்கு வந்துவிட்டது.

1687-இல் அவுரங்கசீப் மீண்டும் வந்தபோது, பாசறைக்குச் சென்று பேச எவரும் இல்லை. ஏறக்குறைய எட்டுத் திங்கள் கோட்டை தாங்கிற்று. இறுதியில் ஒருவன் காசுக்கு வாயிலைத் திறந்துவிட்டான். அப்துர் ரஸாக் லாரி என்னும் வீரர் ஒருவர் மட்டும் உடலெங்கும் வெட்டுண்டு வீழும் வரை போரிட்டார். தானா ஷா பதற்றமின்றிக் காலையுணவை முடித்துக்கொண்டே பகைவருடன் சென்றதாக எழுதியுள்ளனர். தௌலதாபாத் கோட்டையில் பல ஆண்டுகள் சிறையிருந்து அங்கேயே மாண்டார்.

அன்பர்களே! மாதாப்பூரிலிருந்து ஷேக்பேட்டை வழியே சென்றால் குதுப் ஷாஹி கல்லறைகளை விரைவில் அடையலாம். தானா ஷாவின் கல்லறை அங்கு இல்லை. ஹயாத் பக்ஷி பேகத்தின் கல்லறை, பக்கத்தில் ஒரு பெரிய மசூதியுடன், அரசர்களின் கல்லறைகளுக்கு இணையாக நிற்கின்றது. அவர் பெயர் தாங்கிய ஹயாத் நகர், நகரின் கிழக்கே விஜயவாடா செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கின்றது. விடுமுறைக்குச் சாலை வழியே சென்னை செல்வோர் பலர் அவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். அங்கே அவர் பெயரால் வழங்கும் மசூதியைச் சுற்றி, வழிப்போக்கர் தங்குவதற்கென்று அந்நாளில் வரிசையாகக் கட்டிய சத்திரத்து அறைகளின் வளைவுகளை இன்றும் காணலாம்.