டி.என்.ஏ. ஆய்வும் நம் கடமையும்



நம் மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் இன மக்கள் குடிநீர் பெற்றுவந்த மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பர் 26 அன்று வெளிப்பட்டது. குற்றவாளியைக் கண்டறிய டி.என்.ஏ. சோதனை கைக்கொள்ளப்பட்டபோது, அச்சொல் நம் தெருக்களிலெல்லாம் பேசப்பட்டது. அது யாதென நாம் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

நம் உயிரணுக்களில் உறையும் மரபுப் பொருளே டி.என்.ஏ. ஒரே கருவில் தோன்றிய இரட்டையர் நீங்கலாக, ஒருவருடையது மற்றொருவருக்கு முற்றும் ஒத்திராது. இதனை ஆளறியும் சான்றாக்க 1984இல் வழிகண்டவர் இங்கிலாந்தின் அலெக் ஜெஃப்ரீஸ். நம் நாட்டில் ஐதராபாத்தில் அத்துறையை வளர்த்தவர் லால்ஜி சிங்.

மாதிரியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதே ஆய்வின் அடிப்படை. முன்பு பீனால், குளோரோபார்ம் ஆகிய நச்சு நீர்மங்களைக் கொண்டு இதனைக் கையாலேயே செய்தனர். குழாய்க்குக் குழாய் மாற்றுந்தோறும் மாதிரிகள் இடம் மாறவும், செய்பவரின் டி.என்.ஏ.வே கலந்துவிடவும் இடமிருந்தது. இன்று அப்பணியைத் தானியங்கிக் கருவிகள் செய்கின்றன. சிலிக்கா பூசிய நுண்ணிய காந்த மணிகளில் டி.என்.ஏ. ஒட்டிக்கொள்ளும். காந்தம் அம்மணிகளைப் பற்றி நிற்க, மாசு கழுவி அகற்றப்படும். இறுதியில் தூய டி.என்.ஏ. பிரிந்து வரும். பல மாதிரிகள் ஒரே வேளையில், ஒரே சீராக முடியும்.

எனினும் எந்திரத்திற்கும் எல்லையுண்டு. மலத்தில் நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வே மிகுதி. அதிலுள்ள பித்த உப்புகள் ஆய்வைத் தடுக்கும். நீரில் ஊறியது சிதைந்தும் போகும். காலத்தே எடுத்துக் காவாத மாதிரியை எக்கருவியும் மீட்டுத் தராது. வேங்கைவயல் வழக்கில் 30க்கும் மேற்பட்டோரிடம் சோதனை செய்தும் எவருடையதும் ஒத்துவரவில்லை.

எந்திரம் சாதி அறியாது. ஆனால் எவருடைய குருதியை அதில் இடுவது என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர். 2023 ஏப்ரலில் மாதிரி தர அழைக்கப்பட்டோருள் பெரும்பாலோர் பாதிக்கப்பட்ட ஊராரே. "எங்களையே குற்றவாளிகளாக்குவதோ?" என்பது அவர்தம் மனக்குமுறலாயிற்று, 8 பேர் மாதிரி தர மறுத்தனர். 2025 சனவரியில் குற்றப்பத்திரிகையும் அவ்வூர் இளைஞர் மூவர்மீதே அமைந்தது. ஊரார் அதனை ஏற்கவில்லை. குற்றப்பத்திரிகை தீர்ப்பன்று என்பதை நாம் நினைவிற் கொள்வோம்.

ஆதலின், ஆய்வறிக்கை என்றதும் அஞ்சவும் வேண்டா. அதனை அப்படியே நம்பவும் வேண்டா. மாதிரி எப்போது எடுக்கப்பட்டது? எவர் முத்திரையிட்டார்? எம்முறையில் ஆய்ந்தனர்? இவற்றைக் கேட்க வல்லோர் நம் ஒவ்வோர் ஊரிலும் தோன்றுதல் வேண்டும். 1849இல் சென்னையில் அமைந்த இரசாயன ஆய்வுக்கூடமே இந்நாட்டுத் தடய அறிவியலின் தொடக்கம். அவ்வழிவந்த ஆய்வகங்களில் அலுவலராக நம் பிள்ளைகளும் அமர்தல் வேண்டும். வேதியியலும் உயிரியலும் நமக்கு எட்டாதவை என்று எவர் கூறினும் நம்பாதீர்.

1927இல் மகாத் குளத்து நீரை அள்ளியுண்டு நம் உரிமையை நிலைநாட்டினார் அண்ணல் அம்பேத்கர். அதே நீருக்கான நீதியை நாம் இன்று ஆய்வகத்திலும் தேட வேண்டியுள்ளது. அதற்கு நம் சங்கம் தரும் படிப்பு பயன்படுமாயின், இவ்வெள்ளி விழா பொருளுடையதாகும்.