நிறம் போனால் போதுமா?



வெயிலில் உலர்த்திய சிவப்புச் சேலை நாளடைவில் வெளிறக் கண்டிருப்பீர்கள். கழிவுநீரிலுள்ள சாயத்தையும் ஒளி சிதைக்கும். ஆயினும் மிக மெதுவாகவே. வெயிலுக்கும் துவைப்புக்கும் ஈடுகொடுக்க வேண்டுமென்றன்றோ அச்சாயங்கள் ஆக்கப்பட்டன! அவ்வுறுதியே நொய்யலாற்றுக்குக் கேடாயிற்று. திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்க, பாசனத்திற்கெனக் கட்டிய அணையின் நீர் பயிருக்கே ஆகாததாயிற்று. 2011இல், கழிவுநீரை முற்றிலும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

ஒளியின் வேலையை விரைவிக்க ஒரு கிரியா ஊக்கி உண்டு. வெள்ளைப் பெயிண்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடுத் தூளே அது. 1972இல் புஜிஷிமா, ஹோண்டா என்னும் ஜப்பானிய அறிஞர் இதனைக்கொண்டு ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டினர். புற ஊதாக் கதிர் பட்டதும் தூளில் ஓர் எலக்ட்ரான் இடம்விட்டு எழும்புகிறது. அது விட்ட வெற்றிடம் அருகிலுள்ள நீரிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கிறது. அதனால் பிறக்கும் ஹைட்ராக்சில் என்னும் துடிப்புமிக்க துகள் சாயத்தைத் தாக்குகிறது. பல சாயங்களில் நிறத்தைத் தருவது இரு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பு. அஃது அறுந்தால் நிறம் மறையும். ஆனால் எஞ்சும் துண்டுகள் நஞ்சாயிருக்கலாம். கண்ணாடி போன்ற நீரைக் காட்டித் தூய்மையாயிற்று என்பாரை நான் நம்புவதில்லை. அத்துண்டுகளும் கரியமில வாயுவும் நீருமாகச் சிதையும் வரை ஒளி தொடர வேண்டும்.

வெயிலில் புற ஊதாக் கதிரோ நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கே. தூளை வடித்து மீட்பதும் எளிதன்று. சாயமேற்றுகையில் கொட்டிய உப்பையோ இம்முறை தொடவே தொடாது. அதனை நீக்கச் சவ்வுகளும் கொதிகலன்களுமே வேண்டும்.