அவளை வெளியே அனுப்பாதீர்கள்



பையன் அடித்துவிட்டு வந்தால், 'பையன்னா அப்படித்தான்' என்கிறோம். அதே வயதுப் பெண், தோழியின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டால்? 'திமிர் பிடித்தவள்', 'அடங்காப்பிடாரி'. பெற்றோரை வரவழைத்து, எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுகிறோம். ஏன் அடித்தாள் என்று கேட்க அங்கே ஆளே இல்லை!

அந்தச் சண்டை அன்றைக்குத் தொடங்கியதல்ல. சாப்பாட்டு வேளையில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியிருப்பார்கள். அவளைப் பற்றி ஒரு பொய்யைப் பரப்பியிருப்பார்கள். பின்லாந்தில் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து, 1988-இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது: பெண் பிள்ளைகளின் கோபம் ஒதுக்கிவைப்பதிலும் புறம்பேசுவதிலும்தான் அதிகம் வெளிப்படுகிறது. 1995-இல் அமெரிக்காவில் நிக்கி கிரிக், ஜெனிபர் கிராட்பீட்டர் என்ற இருவரும் இன்னொன்றைக் கண்டார்கள். பிறரை இப்படி நோகடிக்கும் பிள்ளைகளே தனிமையிலும் மனச்சோர்விலும் மற்றவர்களைவிட அதிகம் வாடுகிறார்கள்!

தோழிகளுக்கு நடுவே மூண்ட பகையைத் தோழிகளுக்கு நடுவேதான் தீர்க்க முடியும். அதற்குத்தான் குழு ஆலோசனை. எட்டுப் பேர் வட்டமாக உட்காருகிறார்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் உடனிருக்கிறார். பேசியது வெளியே போகக் கூடாது என்பது முதல் விதி. ஒருத்திக்கு ஆபத்து என்றால் மட்டும் மறைக்க மாட்டேன் என்பதையும் அவர் அன்றே சொல்லிவிடுகிறார். நடந்த சண்டையை நடித்துப் பார்க்கிறார்கள். அடித்தவள் அடிபட்டவளாக நிற்கிறாள். கை ஓங்குமுன் நெஞ்சு படபடத்ததா, காது சூடேறியதா என்று யோசிக்கிறாள். அடுத்த முறை அந்தப் படபடப்பு வரும்போதே விலகிப் போகப் பழகுகிறாள். 'எங்கப்பா தினமும் அம்மாவை அடிக்கிறார்' என்று ஒருத்தி வாய் திறந்தால், 'எங்க வீட்டிலயும்தான்டி' என்று எதிரிலிருந்து ஒரு குரல் வரும். நம்முடைய நூறு அறிவுரை அந்தக் குரலுக்கு ஈடாகுமா?

ஆனால் முரட்டுப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி ஒரே அறையில் போட்டுவிடாதீர்கள். தாமஸ் டிஷியனும் மற்றவர்களும் 1999-இல் எழுதிய கட்டுரை இந்த ஆபத்தைத்தான் எச்சரித்தது. அப்படிக் கூடும் இடத்தில் சேட்டைக்குச் சிரிப்பு கிடைக்கிறது, சேட்டை வளர்கிறது. நிதானமான பிள்ளைகளும் அந்த வட்டத்தில் இருக்க வேண்டும்.

பள்ளி நிர்வாகிகளே, வாரத்தில் ஒரு பாடவேளையையும் ஓர் அறையையும் இதற்காகக் கொடுங்கள். பயிற்சி பெற்ற ஆலோசகரை அமர்த்துங்கள். பெற்றோரே, அவசரம் என்றால் மாணவர்களுக்கு 14417, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன, தயங்காமல் அழையுங்கள்.