சில்கா ஏரியும் கரையோர மக்களும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் இதற்குமுன் பேசியவர்கள் வள்ளுவரையும் கம்பரையும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசினார்கள். நமக்கு அத்தகைய புலமை இல்லை. பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்துவிட்டோம். ஆகவே, நாள்தோறும் நம் கண்ணெதிரே கிடப்பதும் நாம் அதிகம் எண்ணிப் பாராததுமான ஒரு பொருளைப் பற்றிப் பேசத் துணிந்தோம். அது சில்கா ஏரி.

குர்தா ரோட்டில் சென்னை மெயில் ஏறி ஊருக்குப் புறப்பட்டால், பாலுகாவை அடுத்து இடப்புறச் சன்னலில் நீர்ப்பரப்பு விரியும். பிள்ளைகள் "கடல், கடல்" என்று கூவுவார்கள். "கடல் இல்லை, ஏரி" என்று நாம் திருத்துவோம். உண்மையில் இரண்டு விடையும் சரியல்ல. மழைக்காலத்தில் மகாநதியின் கிளைகளாகிய தயா, பார்கவி முதலிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கோடையில் முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடலின் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. கோடையில் சுமார் 900 சதுரக் கிலோமீட்டராகச் சுருங்கியும், மழைக்காலத்தில் 1,100-க்கு மேல் பெருகியும் கிடக்கும் காயல் அது. இவ்விரு நீரும் கலக்கும் கலப்பில்தான் மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் செழிக்கின்றன. கலப்பின் அளவு பிசகினால் எல்லாம் பிசகும்.

நாம் பாலுகாவ் நிலையத்தின் பார்சல் பகுதியில் சில காலம் வேலை பார்த்தோம். ஹவுராவுக்குப் போகும் மீன் கூடைகள் பனிக்கட்டி நீர் சொட்டச் சொட்ட நடைமேடையில் வரிசையாக நிற்கும். அனுப்புநர், பெறுநர், கூடையின் எண்ணிக்கை, எடை, கட்டணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவோம். அனுப்புநர் என்னும் இடத்தில் வருவது வியாபாரியின் பெயர். பிடித்தவனுடைய பெயருக்கு அப்பதிவேட்டில் கட்டமே கிடையாது. பலமுறை அந்தப் பக்கத்தைப் புரட்டியும் இது நமக்குத் தோன்றவில்லை. கூடை சுமந்து வந்த முதியவர் ஒருவர், "பாபு, எங்கள் ஊரின் பெயரையாவது எழுதுங்களேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்ட பிறகுதான் தோன்றிற்று.

அவருடைய ஊருக்கும் அதுபோன்ற பல ஊர்களுக்கும் ஏரியின்மேல் பழைய உரிமைகள் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது எல்லையற்ற நீர்வெளி. மீனவர்க்கோ அது வயல்வெளி போன்றது. வரப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. ஆழமான பகுதியில் வலை வீசுமிடம் 'பஹானி'. மழை ஓய்ந்து நீர் வற்றும் பருவத்தில் மூங்கில் தட்டி கட்டி மீனை மறிக்கும் ஆழமற்ற பகுதி 'ஜானோ'. கரையோரமாகப் பொறி வைத்து இறால் பிடிக்கும் இடம் 'தியான்'. எந்தப் பகுதி எந்த ஊருக்கு, எந்தப் பருவத்தில், எந்த வலையால், எந்தச் சாதியாருக்கு என்று வழிவழியாக வகுத்து வைத்திருந்தார்கள். கேவட்டர், கண்டரா, தெலுங்கு பேசும் நோலியா எனப் பல பிரிவினர் ஒரே நீரைப் பங்கிட்டுக்கொண்டது இவ்வாறே. சமீன்தார்கள் காலத்தில் குத்தகை அவர்களுக்குச் சென்றது. சமீன் ஒழிந்தபின் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அவ்விடங்கள் குத்தகைக்கு விடப்பட்டன. அவற்றுக்கெல்லாம் தலைமையாக 1959-இல் ஒரு மத்திய சங்கமும் ஏற்பட்டது.

இங்கே நம் இருப்புப்பாதையின் பங்கையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1890-களில் இவ்வழியே பாதை போடப்பட்டது. அதன்பின் சில்கா மீனுக்குக் கல்கத்தாவே சந்தையாயிற்று. விலை வந்தது, அதோடு முன்பணம் கொடுத்து மீனைக் கட்டுப்படுத்தும் வியாபாரியும் வந்தார். ஆயினும் ஏரி மீனவர் கையிலேயே இருந்தது. 1980-களில் வெளிநாட்டுச் சந்தையில் இறாலின் விலை ஏறியபோதுதான் நிலைமை மாறிற்று. பணம் படைத்தவர்கள் ஏரிக்குள் மண்கரையும் வலைவேலியும் அடைத்து இறால் வளர்க்கத் தொடங்கினார்கள். இவ்வடைப்புகளுக்கு ஒடியா மொழியில் 'கேரி' என்று பெயர். கேரி எழுந்த இடத்தில் பரம்பரை மீனவனின் படகுக்கு வழி இல்லை. கொசுவலை போன்ற நுண்கண் வலையில் குஞ்சும் தப்புவதில்லை.

பெருந்தொழில் நிறுவனம் ஒன்றும் மாநில அரசும் கூட்டாக 1,400 ஹெக்டேரில் இறால் பண்ணை அமைக்க முற்பட்டன. மீனவரும் மாணவரும் திரண்டு எதிர்த்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இவ்விடத்தில் தமிழர்களாகிய நமக்கு ஒரு தொடர்பு உண்டு. தஞ்சை வட்டாரக் கடற்கரையின் இறால் பண்ணைகளால் உழவரும் மீனவரும் படும் துன்பத்தைக் கண்டு வழக்குத் தொடுத்தவர் சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் அவர்கள். அவ்வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில்கா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றும் அதில் கட்டளையிட்டது. காவிரிக் கரைக் காந்தியவாதி ஒருவர் எடுத்த வழக்கு ஒடிசாவின் மீனவனுக்கும் அரணாயிற்று என்பதை எண்ண நமக்குப் பெருமிதம் உண்டாகிறது.

ஆனால் தீர்ப்பு தானே நடந்துபோய்க் கேரியை உடைக்காது அல்லவா? உடைக்கவேண்டியவர்கள் தயங்கினார்கள். பொறுத்துப் பார்த்த மீனவர்கள் தாமே அடைப்புகளை அகற்றப் புறப்பட்டார்கள். 1999 மே 29 இரவு, கரையிலுள்ள சோரானா என்னும் ஊரில் காவல்துறை சுட்டது. நால்வர் இறந்தார்கள்.

அதே காலத்தில் ஏரியும் நோயுற்றிருந்தது. மலைச்சரிவுகளிலிருந்து வண்டல் வந்து படிந்தது. முகத்துவாரம் நகர்ந்து நகர்ந்து, கடலுக்குச் செல்லும் கால்வாய் நீண்டு தூர்ந்தது. உப்பு குறைந்தது, பாசியும் களையும் படர்ந்தன, கடலிலிருந்து குஞ்சுகள் உள்ளே வர வழியில்லை. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 8,000 டன் அளவில் இருந்த மீன்பிடிப்பு, 1999–2000-இல் சுமார் 1,700 டன்னாக விழுந்தது. "அப்போது கூடை இருந்தது, மீன் இல்லை" என்று பார்சல் பகுதியின் மூத்தவர்கள் நம்மிடம் சொல்வதுண்டு. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் 1981-இல் இடம்பெற்ற சில்காவை, 1993-இல் கேடுற்றவற்றின் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

1991-இல் அமைந்த சில்கா வளர்ச்சி ஆணையம் ஆராய்ச்சி நிலையங்களின் துணையோடு, சிபாகுடா என்னும் இடத்தில் 2000 செப்டம்பர் 23 அன்று புதிய முகத்துவாரம் திறந்தது. கடலுக்குச் செல்லும் வழி 18 கிலோமீட்டர் குறைந்தது. 2001–2002-இல் மீன்பிடிப்பு 12,000 டன்னை நெருங்கிற்று. 2002-இல் ராம்சார் கேட்டுப் பட்டியலிலிருந்து சில்கா நீங்கியது. ஆணையத்துக்கு அவ்வாண்டு ராம்சார் விருதும் கிடைத்தது. மேல்நிலங்களில் மண் அரிக்காமல் காக்கும் வேலையில் கிராமத்தாரையும் சேர்த்துக்கொண்டார்கள். இதைப் புகழாமல் இருக்க முடியாது.

எனினும் நாம் சொல்ல வந்தது வேறு. முகத்துவாரம் உப்புக் கணக்கைத் தீர்த்தது. பெருகிய மீன் யாருடையது என்னும் கணக்கை அது தீர்க்கவில்லை. மீன் பெருகவே கேரிகளும் பெருகின. இன்றுவரை அகற்றுவதும் மீண்டும் முளைப்பதுமாக இருக்கிறது. காரணம், ஏரியைப் பற்றிய முடிவுகளில் கரையோரத்தானை இறுதியாகக் கேட்பதே என்பது நம் அபிப்பிராயம்.

கேட்பது என்றால் என்ன? நம் காலனியில் தண்ணீர்த் தொட்டி கட்டிய கதை உங்களுக்கெல்லாம் தெரியும். தூண் எழுப்பிய பிறகு நம்மை அழைத்து, தொட்டி எங்கே இருக்கலாம் என்று கருத்துக் கேட்டார்கள். நாமும் மரியாதையாகச் சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தோம். கடைசி வரிசை வீடுகளில் தண்ணீர் ஏறாதது இன்றும் நமக்குத்தான் தெரியும், தொட்டிக்குத் தெரியாது. (சிரிப்பு.)

முதலிலேயே கேட்டால் நடப்பதற்கும் சில்காவிலேயே சான்று உண்டு. வடகரையில் மங்களாஜோடி என்று ஓர் ஊர். குளிர்காலத்தில் வரும் பறவைகளைச் சுட்டும் நஞ்சு வைத்தும் விற்பதே அங்குப் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. அதிகாரிகள் பிடிப்பார்கள், தண்டிப்பார்கள். அடுத்த குளிர்காலத்தில் அதே துப்பாக்கி வெளிவரும். 2000-ஆம் ஆண்டளவில் தொண்டு அமைப்பு ஒன்றின் துணையோடு அவ்வூர் வேட்டைக்காரர்களே ஒரு பறவைக் காப்புக் குழு அமைத்தார்கள். எந்தப் பறவை எங்கே இறங்கும், எந்த நாணலில் முட்டையிடும் என்பது வேட்டையாடியவனைவிட வேறு எவனுக்குத் தெரியும்? அந்த அறிவே காவலாயிற்று. பின்னர் பயணிகளைப் படகில் அழைத்துச் செல்லும் தொழிலும் வந்தது. சில ஆயிரமாகக் குறைந்திருந்த பறவைகள் இன்று அவ்வூர்ச் சதுப்பில் இலட்சக்கணக்கில் இறங்குகின்றன.

உள்ளூர் வழக்கெல்லாம் நியாயமே என்று நாம் வாதிக்க வரவில்லை. நம் பழவேற்காட்டில் 'பாடு' என்னும் முறை உண்டு. முகத்துவாரத்தருகே இறால் கிடைக்கும் நல்ல இடங்களைத் தலைக்கட்டுக்கு இத்தனை நாள் என்று முறைவைத்து, சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொள்வார்கள். எந்தச் சட்டப் புத்தகத்தையும் பாராமல் சண்டையைத் தவிர்த்த சிறந்த ஏற்பாடு அது. ஆனால் அச்சாதியில் பிறவாதவனுக்குச் சீட்டில் பெயர் இல்லை. அவனும் அதே ஏரியை நம்பிப் பிழைப்பவன்தான். சில்காவிலும் அவ்வாறே. மீனவரல்லாத ஊரார் அனைவரையும் பணமுதலைகள் என்று தள்ளிவிட முடியாது; வெள்ளத்தில் வயல் மூழ்கி ஏரிக்கு வந்தவர்களும் அவர்களுள் உண்டு. கருவாடு உலர்த்தித் தலைச்சுமையாக விற்கும் பெண்களின் குரலோ எந்தக் கூட்டத்திலும் எளிதில் கேட்பதில்லை. இத்தனை பேரையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேசுவது முகத்துவாரம் வெட்டுவதைவிடக் கடினம். அதனால்தான் அதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று நினைக்கிறோம்.

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொடி இறாலைப் பார்த்து மகிழ்கிறோம். அது நுண்கண் வலையில் வந்தது என்று அறிந்தும் பேரம் பேசுகிறோம். சென்ற தை மாதம் சாதபாடாவுக்கு உல்லாசப் பயணம் சென்றபோது நடந்ததும் நினைவிருக்கும். ஏரியில் இருப்பதே சுமார் 150 ஓங்கில்கள். அவற்றுள் இரண்டு தெரிந்தவுடன், "இன்னும் கிட்டே விடு" என்று நாமே படகோட்டியை நெருக்கினோம். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தார். கூடுதல் பணம் தருவதாக நம்மில் ஒருவர் சொன்னார். அவர் ஒடியாவில் ஏதோ சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒருவர் வேறு யாருமல்லர், இப்போது பேசிக்கொண்டிருக்கும் நாமே.

இவ்வாண்டு செயற்குழுவில் நாம் ஒரு யோசனை சொன்னோம், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். வரும் சனவரியில் நம் பயணம் மங்களாஜோடிக்கு. அங்கே இயந்திரப் படகு இல்லை, கழி ஊன்றிச் செல்லும் நாட்டுப்படகுதான். ஒரு படகில் சிலரையே ஏற்றுவார்கள். வழிகாட்ட வருபவர் அவ்வூர்க்காரர், கட்டணமும் அவ்வூருக்கே. விடியற்காலையில் இறங்கவேண்டும், பேச்சொலி கூடாது. ஆகையால் சிறு பிள்ளைகளை முன்னாலேயே பழக்கிவிடுங்கள். வர விரும்புவோர் இம்மாத முடிவுக்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். அன்று பகல் உணவை அவ்வூர்ப் பெண்களிடமே சொல்லிவைக்க எண்ணியிருக்கிறோம். காரம் அதிகமா குறைவா என்பதை இப்போதே சொல்லிவிட்டால் நலம்.