மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை



2012 நவம்பரில் பிரிட்டனின் உள்துறை அமைச்சர் தெரசா மே, இருமலுக்காக டாக்டரிடம் போனார். அப்போது வயது 56. எடை குறைந்திருப்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார். லண்டன் ஒலிம்பிக் வேலையில் அலைந்து இளைத்துவிட்டோம் என்பது அவர் நினைப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை. இரண்டாம் வகை என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை கேட்கவில்லை. மறுபடி சோதித்தபோதுதான் முதல் வகை என்று தெரியவந்தது. தினமும் நான்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டே 2016இல் அவர் பிரதமரும் ஆனார்.

அமைச்சருக்கு மறுபரிசோதனை நடந்துவிட்டது. ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் ஏறி இறங்கும் ஒருவருக்கு நாற்பது வயதில் இது வந்தால்? இளைத்தது யார் கண்ணிலும் படாது. இங்கே எல்லாரும் ஒல்லிதான்.

முதல் வகை என்றாலே குழந்தைகள் நோய் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதுதான் முதல் வகை. குழந்தைகளுக்கு அது சட்டென்று முற்றிவிடும். பெரியவர்கள் சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக நடக்கும். மிச்சமிருக்கும் செல்களை வைத்துக்கொண்டு ஆரம்பத்தில் மாத்திரையிலேயே சர்க்கரை அடங்கும். ஏமாற்றுவது இந்த இடைவெளிதான். 1993இல் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வைத்த பெயரின் சுருக்கம் 'லாடா'. 1997இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், இரண்டாம் வகை என்று சொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் ரத்தத்தில் இதற்கான அடையாளம் இருந்தது. அது அந்த ஊர்க் கணக்கு. அதை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது.

மாத்திரை கேட்காவிட்டால் இங்கே முதலில் என்ன நடக்கிறது? "சோறு அதிகமா சாப்பிட்டியா? டீயில சக்கரை போட்டியா?" வீட்டிலும் இதே விசாரணை. அந்த ஆள் பயந்து, களியையும் பாதியாகக் குறைத்துக்கொண்டு இன்னும் இளைப்பார். குற்றம் அவர் வாயில் இல்லை, இன்சுலின் இல்லை என்பதுதான் விஷயம். இந்தப் பழி போடுகிற வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை.

ஒல்லியாக இருப்பவருக்கெல்லாம் லாடா என்றும் நினைத்துவிட வேண்டாம். ஒல்லியானவர்களுக்கு இரண்டாம் வகையும் நம் ஊரில் தாராளமாக வருகிறது. கணையத்தில் கல் விழுந்து வரும் சர்க்கரையும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. ஆனால் ஐம்பது வயதுக்குள் சர்க்கரை வந்து, எடை இறங்கி, மாத்திரை கூடிக்கொண்டே போகிறதா? குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு கோளாறும் இருக்கிறதா? அப்படியானால் டாக்டரிடம் இரண்டு சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். ஜி.ஏ.டி. ஆன்டிபாடி சோதனை, கணையத்தின் செல்கள் மீது அந்தத் தாக்குதல் நடக்கிறதா என்று காட்டும். சி-பெப்டைட் சோதனை, உடம்பில் சொந்த இன்சுலின் எவ்வளவு மிச்சம் என்று காட்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. அதற்காக டாக்டரைப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை கொண்டுவரும் அம்மாவிடம், "சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று வந்தால், அது இன்சுலின் தீர்ந்துபோனதன் அறிகுறியாக இருக்கலாம்; விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும்.

ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று பயப்படுகிறார்கள். லாடாவில் இன்சுலின், இல்லாததை ஈடுகட்டுவது, அவ்வளவுதான். திறந்த இன்சுலின் குப்பியை வெயில் படாமல் வைத்தால் பெரும்பாலும் ஒரு மாதம் வரை வெளியிலேயே இருக்கலாம். மலைக் குளிரில் அது சுலபம். பிரிக்காத குப்பிக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும். ஆனால் ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்த மருந்தைப் பிறகு இளக வைத்துப் போட்டாலும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.