பழைய வண்டிக்குப் புதிய தண்ணீர்ப் பம்பு

மோட்டார் வண்டியைப் பற்றி நான் பேச முற்படுவது நேயர்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் கல்லூரியில் படித்தது இலக்கியம். செய்யும் தொழில் மொழிபெயர்ப்பு. ஆயினும் அண்மையில் நான் கற்ற பயனுள்ள பாடம் ஒன்று, ஒரு பழைய அம்பாஸடர் வண்டியின் முன்னே குனிந்து நின்றபோது கிடைத்தது.

என் தந்தையார் உத்தியோக நிமித்தமாக நாகபுரிக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். அவர் எங்களுக்கு விட்டுச் சென்றவற்றுள் 1972ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அந்த வண்டியும் ஒன்று. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்டு வந்த வண்டி அது. எங்களுடையதில் இருப்பது 1,489 கன சென்டிமீட்டர் அளவுள்ள பெட்ரோல் எஞ்சின்.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில், வர்தாவில் ஒரு கிருகப்பிரவேசத்திற்காக அம்மாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். பூட்டிபோரியைத் தாண்டியதும் உஷ்ணமானியின் முள் மேலே ஏறலாயிற்று. சற்று நேரத்தில் முன்புறத்திலிருந்து வெண்ணிறமாக ஆவி கிளம்பியது. வண்டியைச் சாலையோரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். விதர்ப்ப தேசத்தின் நடுப்பகல் வெயில் எத்தகையதென்பதை அங்கு வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுபது வயதைக் கடந்த தாயாரை அந்த அனல்காற்றில் ஒரு மணி நேரத்திற்கு மேல் உட்கார வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. “அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். நீ பார்ப்பதில்லையேடா” என்று மட்டும் சொன்னார்.

உண்மையில் நான் பார்த்திருந்தேன். இரண்டு வாரங்களாகவே வண்டி நின்ற இடத்தில் துருநிறமாக ஒரு ஈரத்திட்டு இருந்தது. வண்டி கழுவிய தண்ணீராக இருக்குமென்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டேன். எஞ்சின் நன்கு ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி, சில மைல்களுக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி வீடு வந்து சேர்ந்தோம். கிருகப்பிரவேசத்திற்குப் போக முடியவில்லை.

இந்தத் தண்ணீருக்கு வண்டியில் என்ன வேலை? சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் உஷ்ணம் 2,000 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டும். அதில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. பெரும் பகுதி புகையோடும் தண்ணீரோடும் வெளியேற வேண்டும். ஆதலால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. சூடேறிய தண்ணீர் ரேடியேட்டரில் குளிர்ந்து திரும்புகிறது. போர்டு கம்பெனியின் மாடல் டி வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் பம்பே கிடையாது. வெந்நீர் மேலே எழும்பும், தண்ணீர் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியே அங்குப் போதுமானதாக இருந்தது. எஞ்சின்களின் வலிமை பெருகப் பெருக, தண்ணீரை உந்தித் தள்ளும் பம்பு இன்றியமையாததாயிற்று.

பம்பின் அமைப்பு எளியது. ஒரு வார்ப்பிரும்புக் கூடு. அதன் நடுவே ஒரு தண்டு. தண்டின் உள்முனையில் துடுப்புகளுள்ள சிறு சக்கரம். வெளிமுனையில் பெல்ட் ஓடும் புல்லியும் விசிறியும். தண்டைத் தாங்கும் பேரிங்கைத் தண்ணீர் அணுகாதபடி ஒரு சீல் காக்கிறது. இந்தச் சீல் என்றாவது ஒரு நாள் தேய்ந்தே தீரும். அப்போது கசியும் தண்ணீர் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியே சொட்டுவதற்காகக் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை வைத்திருக்கிறார்கள். நான் பொருட்படுத்தாத ஈரம் அந்தத் துளையிலிருந்து வந்ததுதான்.

எங்கள் பகுதியில் ஒரு முதிய மிஸ்திரி இருக்கிறார். ‘சாச்சா’ என்றே எல்லோரும் அழைப்போம். அவரிடம் வேலை பழகும் பையன், துளையை மெழுகுபோன்ற பசையால் அடைத்துவிட்டால் ஒழுக்கு நின்றுவிடும் என்றான். சாச்சா அவனைத் தடுத்தார். “வாயைப் பொத்தினால் நோய் தீருமா?” என்று கேட்டார். துளையை அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் புகும். பேரிங்கு சிதைந்தால் விசிறியே ஆட்டங்கண்டு ரேடியேட்டரைக் கிழித்துவிடும். விசிறியைப் பிடித்து மெல்ல அசைத்துக் காட்டினார். தண்டு ஆடியது. பம்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மறுநாள் காலையில், எஞ்சின் முற்றும் குளிர்ந்திருந்தபோது வேலை தொடங்கிற்று. பாட்டரியின் கம்பியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தோம். ரேடியேட்டரையும் எடுத்துவிட்டால் கைக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. பிறகு டைனமோவைத் தளர்த்திப் பெல்ட்டை நீக்கி, விசிறியையும் புல்லியையும் கழற்றினோம். பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒரே நீளமுள்ளவை அல்ல. ஓர் அட்டையில் பம்பின் உருவை வரைந்து, கழற்றிய போல்ட்டுகளை அதனதன் இடத்திலேயே குத்தி வைக்கச் சொன்னார் சாச்சா. துருப்பிடித்த ஒரு போல்ட்டு அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். அவசரப்பட்டு அதை முறித்திருந்தால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகியிருக்கும்.

அடுத்து, ஒட்டிக்கிடக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டுதல். அலுப்பூட்டும் வேலை, ஆனால் முக்கியமான வேலை. சுரண்டிய துகள் உள்ளே விழாதிருக்க எஞ்சினின் வாயில் துணியைச் செருகிக்கொள்ள வேண்டும். பழைய காகிதம் நகக்கண் அளவு எஞ்சியிருந்தாலும் புதிய பம்பு அந்த இடத்தில் கசியும்.

கடையில் முதலில் கொடுத்த பம்பு பார்வைக்கு ஒத்திருந்தது. பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், அதன் தண்டு விரற்கடை அளவு நீண்டிருப்பது தெரிந்தது. அதைப் பொருத்தியிருந்தால் விசிறி ரேடியேட்டரில் உராய்ந்திருக்கும். திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கினோம். புதிய பம்பு வாங்குவோர் பழையதைக் கையோடு எடுத்துச் செல்வது நலம். போல்ட்டுத் துளை, துடுப்புச் சக்கரம், தண்டின் நீளம் மூன்றையும் ஒப்பிட வேண்டும்.

புதிய பேக்கிங்கை வைத்து, போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, சிறிது சிறிதாக முடுக்கினோம். பெல்ட்டின் நீண்ட பகுதியை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமிழ வேண்டும். தளர்ந்தால் பெல்ட் வழுக்கும்; இறுகினால் புதிய பேரிங்கே விரைவில் கெடும். பின்பு, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்ட்டும் சம அளவில் கலந்து மெதுவாக ஊற்றினோம். நாகபுரியில் தண்ணீர் உறையப் போவதில்லையே என்று கேட்டேன். கூலண்ட் துருவையும் தடுக்கிறது. வெறுங்குழாய்த் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால்தான் பழைய துடுப்புகள் அரித்திருந்தன. கழித்த கூலண்ட்டைத் தெருவில் கொட்டலாகாது. அதன் இனிப்புச் சுவைக்காக நாயும் பூனையும் நக்கி உயிரிழக்கக்கூடும். மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஓடவிட்டோம். காற்றுக் குமிழிகள் வெளியேறியதும் தண்ணீர் மட்டம் தாழ்ந்தது; குறைந்ததை நிரப்பி மூடினோம்.

இரண்டு எச்சரிக்கைகளை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வெந்நீர் முகத்தில் பாயும். சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது, இரும்பு வெடித்துவிடும்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், கோடை விடுமுறையில் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் கடந்து ஊருக்குச் செல்கிறோம். பெட்டிகளைக் கட்டுவதற்கு முன்னால், வண்டி இரவு முழுவதும் நின்ற இடத்தை ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

அடுத்த மாதம் அம்மாவை மீண்டும் வர்தாவுக்கு அழைத்துச் சென்றேன். உஷ்ணமானியின் முள் நடுவிலேயே நின்றது. திரும்பி வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாசலில் குனிந்து பார்த்தேன், தரை உலர்ந்திருந்தது. நிமிர்ந்தபோது அம்மா கதவருகில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.